ஆஸ்பத்திரி வண்டிக்கு மணி கட்டியது

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த வண்டிப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். கொழும்பிலிருந்து புதிதாக ஒரு ஆஸ்பத்திரி வண்டி வந்திருக்கிறதாம். மின்சார ஹாரனாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பதுளைக் கடைவீதி முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ளுமாம். "நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கண்ணே" என்று கெஞ்சினார்கள். எனக்கு இப்போது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இருந்தாலும் போனேன்.

வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். துணி காயப்போடும் கொடியைப் போல மின்சாரக் கம்பியை ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்பென்றால் அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். இப்போது திட்டுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. "ஹாரனை அழுத்திக் காட்டட்டுமாண்ணே?" என்று ஒருவன் ஆசையோடு கேட்டான். "இங்க வேணாம். தேயிலைத் தோட்டத்து ஏத்தத்துல கொண்டுபோய் அழுத்து. நான் மேலே கொழுந்து எடுக்கிற மலையில நின்னு கேக்குறேன்" என்றேன். கிழவன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அங்கே நின்று விளக்க முடியவில்லை, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் தாய்மாமனுக்குப் பதுளையில் இரும்புக்கடை. என்னையும் அங்கே உட்கார வைத்துப் பார்த்தார். வந்தவர்கள் கேட்ட சாமானைக் கொடுக்காமல், அதைவிட நல்ல சாமான் எதிர்க்கடையில் இருக்கிறது என்று நான் வழி சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நாளிலேயே மாமா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வண்டிப் பட்டறையில் விட்டுவிட்டார். மாட்டுவண்டி அச்சுக்குக் கீலெண்ணெய் பூசினேன், துரைமார்களின் குதிரைவண்டிக்கு விளக்குத் துடைத்தேன், உலைத் துருத்தி ஊதினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அந்திரிஸ் பாஸ் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் திரும்பிப் பார்க்காமல் வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன்.

கைவேலைக்காரரைப் பாஸ் என்று சொல்வது சிங்கள வழக்கம். தமிழர்கள் நாங்களும் அப்படியேதான் கூப்பிட்டோம். அந்திரிஸ் பாஸ் பட்டறைக்குத் தலைமை. இடுப்பில் வெள்ளைச் சாரம் கட்டி, மேலே கறுப்புக் கோட்டுப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூனை மாதிரி வருவார். யாரையும் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஒரு வேலை பிடிக்காவிட்டால், "இது சரியில்லை தானே, கழட்டு" என்பார். அவ்வளவுதான். ஏன் சரியில்லை என்று சொல்ல மாட்டார். கழற்றும்போது நமக்கே தெரியும். சில சமயம் கழற்றி முடித்து மறுபடி மாட்டிய பிறகும் தெரியாது. அப்போதும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். அந்த மனிதர் மேல் எனக்கு எரிச்சலும் உண்டு, மரியாதையும் உண்டு. எரிச்சல்தான் கொஞ்சம் கூடுதல்.

தோட்டங்களுக்கு மோட்டார் வண்டி வர ஆரம்பித்ததும் எங்களுக்கு இந்த ஆஸ்பத்திரி வண்டி வேலை வந்தது. அதுவரை தோட்டத்தில் யாருக்காவது ஆபத்து என்றால் டோலி கட்டித் தோளில் தூக்கி வருவார்கள், அல்லது மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி வருவார்கள். வழியிலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். மோட்டார் என்றால் எஞ்சினும் சக்கரமும் கப்பலில் வரும். பின்னால் கூண்டு கட்டுவது, படுக்கைக்குத் தண்டவாளம் போடுவது, விளக்கு, ஹாரன், மணி, பேச்சுக்குழல் எல்லாவற்றையும் உள்ளே ஒழுங்காக மாட்டுவது எங்கள் பாடு.

மாட்டுவது என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. முன்விளக்குக் கார்பைட் வாயுவில் எரியும். அந்த வாயு டப்பாவை உள்ளே வைத்தால் நோயாளிக்கு நாற்றத்திலேயே குடலைப் புரட்டும், ஆகவே வெளியே கால்பலகையில் வைக்க வேண்டும். அதிலிருந்து போகும் ரப்பர்க் குழாய் புகைக்குழல் பக்கம் தலைகாட்டக் கூடாது. உள்விளக்கை நோயாளியின் தலைக்கு மேல் மாட்டினால், படுத்திருக்கிறவர் கண்ணெதிரே சுடர் ஆடி மயக்கம் வரும். கால்மாட்டில், கண்ணுக்குப் படாத மூலையில் மாட்ட வேண்டும். டிரைவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர்க் குழலும் இரண்டு முனையில் பித்தளை வாயும் உண்டு. உள்வாய் படுத்திருப்பவர் கைக்கு எட்ட வேண்டும், தலையில் இடிக்கக் கூடாது. எந்தச் சாமானும் மரத்தின் மேல் நேராக உட்காரக் கூடாது, நடுவில் தோல் வட்டம் ஒன்று இருக்க வேண்டும். திருகாணிகளின் தலைக்கோடுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒன்று தளர்ந்து திரும்பினால் அப்போதே கண்ணில் படும்.

எல்லாம் முடிந்ததும் பாஸ் வருவார். எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, தமது தேநீரை விளிம்பு முட்ட ஊற்றி நான் உள்ளே மாட்டிய பலகைத் தட்டின் மேல் வைப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சின் அதிர்வில் சிந்தாவிட்டால் எடுத்துக் குடிப்பார். சிந்தினால், இருக்கவே இருக்கிறது, "கழட்டு." எத்தனையோ நாள் அந்த மனிதர் ஆறிப்போன தேநீரைத்தான் குடித்திருக்கிறார்.

இனி அந்த வண்டியின் கதை. அப்புத்தளைக்கு அப்பால், கொஸ்லந்தைப் பக்கம் உள்ள தோட்டங்கள் சில சேர்ந்து அதை வாங்கியிருந்தன. அதற்கென்று கப்பலில் ஒரு மணி வந்தது. மணி என்றால் நாக்குத் தொங்கும் மணி இல்லை. தாம்பாளம் மாதிரி கனத்த வெண்கலத் தட்டு. டிரைவரின் காலடிப் பலகைக்குக் கீழே அதை மாட்டி, ஒரு மிதியை வைத்தால், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்தியல் எகிறி அடிக்கும். வளைவுகளில் ஊதுவதற்குக் கையால் அமுக்கும் ரப்பர் ஹாரனும் இருந்தது. அதற்கு நீளமான வளைந்த பித்தளைக் குழாய். பட்டறையில் நானே உட்கார்ந்து தடதடவென்று மிதித்துப் பார்த்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பாஸின் தேநீரும் சிந்தவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

முதல் பயணத்துக்கு என்னையும் அனுப்பினார்கள். புது வேலை, எங்கே எது ஆடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு வர வேண்டும். டிரைவர் காசிம் மலாய்க்காரர், பதமாக ஓட்டுவார். நான் பின்கூண்டில் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எஞ்சின் இரைச்சலில் உள்ளே எனக்கு மணி ஏதோ பலகையைத் தட்டுவது மாதிரிதான் கேட்டது.

ஒரு தோட்டத்தில் மாரிமுத்து என்பவருக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறிக் கெண்டைக்காலில் விழுந்து, புண் அழுகிவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். இருட்டுவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காலை எடுத்தால் ஆள் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி.

பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் செங்குத்தான ஏற்றம். பாரத்தைக் குறைக்க நான் கீழே இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை போடப் பின்னாலேயே நடந்தேன். வண்டி கொஞ்சம் முன்னே போனது. அப்போதுதான் முதல் தடவையாக அதை வெளியே நின்று கேட்டேன். காசிமின் காலடியில் வண்டி ஓட்டவே மூன்று மிதிகள். ஏற்றத்தில் இரண்டு காலும் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. இடையில் ஒரு கால் ஒழியும்போது மட்டும் மணியை ஒரு மிதி மிதிப்பார். பிறகு வளைவு வரும், ஹாரனை அமுக்குவார். மறுபடி ஒரு மிதி.

பூ...ம். ணங். பூ...ம். ணங்.

எங்கள் சனத்தில் பிறந்த எவருக்கும் அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பாடைக்கு முன்னால் சங்கு ஊதி, சேகண்டி அடித்துப் போகிற சத்தம். அச்சு அசல் அதே இடைவெளி. "காசிம், நிறுத்துங்க!" என்று கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கும்? அதற்குள் மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு குரலாக ஓலமிட்டார்கள். ஒருத்தி கூடையை உதறிப் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு ஊடாகவே, அவர்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து ஓடினாள். அந்தத் தோட்டத்தில் சாகக் கிடந்தவர் ஒருவர்தான். அவள் அவருடைய பெண்சாதி பேச்சியம்மாள்.

நான் மூச்சிரைக்க லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கிழவிகள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாரிமுத்து உள்ளே பாயில் முழங்கையை ஊன்றி எழுந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். மருந்துக்காரர், "ஏய், ஆளு உசுரோட இருக்கான், அழுகையை நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது பேச்சியம்மாள் வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையிலும் ரத்தம். வரும் வழியிலேயே பாறையில் கையை அடித்து வளையல்களை உடைத்துப் போட்டுவிட்டாள். நெற்றிப் பொட்டும் அழிந்திருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், அவளுடைய வெறும் கைகளைப் பார்த்தார்.

"பேச்சி, நான் செத்துட்டேனா?" என்று கேட்டார்.

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. காய்ச்சல் அவ்வளவு அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேச்சியம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அவரைத் தூக்க நாங்கள் படுக்கையைக் கொண்டுபோனபோதுதான் அவளுக்கு வாய் திறந்தது. வாசல்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். "சேகண்டி அடிச்சுக்கிட்டு வந்த வண்டியில என் புருசன ஏத்த மாட்டேன். என்னைய மிதிச்சுக்கிட்டுப் போங்க." ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வந்து அதட்டினார். மருந்துக்காரர், கால் இழந்தவர்கள் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று விளக்கினார். அவள் அசையவில்லை. மற்றப் பெண்களும் அவள் பக்கம்தான். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டு வாசலில் அப்படி ஒரு வண்டி வந்து நின்றால் என் வீட்டுக்காரியும் அதைத்தான் செய்திருப்பாள்.

நான் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் திருகாணிகளைக் கழற்றினேன். தோல் வட்டம் வைத்து இறுக்கியது, லேசில் வரவில்லை. கழற்றிய தட்டை எல்லோரும் பார்க்க, கோணிச் சாக்கில் சுற்றிக் கங்காணியின் கையில் கொடுத்தேன். ஹாரன் குழாயையும் பிடுங்கினேன். "இப்ப இது வெறும் வண்டிம்மா. ஒரு சத்தமும் வராது" என்றேன். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "கேட்டது கேட்டதுதானுங்க" என்றாள். உச்சியிலிருந்த வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. மருந்துக்காரர் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது, இவர்கள் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கடைசியில் மாரிமுத்துதான் முடித்து வைத்தார். "பேச்சி, எனக்குக் கால் எரியுதுடி. நான் போறேன். நீ யாருகிட்டயாச்சும் வளையல் வாங்கிப் போட்டுக்கிட்டு வா. வெறுங்கையோட என் கூட வராத" என்றார்.

பக்கத்து வீட்டு மாரியாயி தன் கையிலிருந்து இரண்டு வளையலை உருவினாள். அவை பேச்சியின் கைக்குச் சிறியவை. விளக்கெண்ணெய் தடவி, காயத்தின் மேலேயே தள்ளித் தள்ளி ஏற்றினார்கள். புதிதாகப் பொட்டும் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் வாசலை விட்டு எழுந்தாள்.

மணியும் இல்லை, ஹாரனும் இல்லை. அந்த வளைவுகளில் சத்தம் கொடுக்காமல் போனால் எதிரே வரும் மாட்டுவண்டியோடு பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும். நான் வெளியே கால்பலகையில் தொற்றிக்கொண்டு, "வழி! வழி!" என்று கத்திக்கொண்டே வந்தேன். உள்ளே பேச்சி அவர் தலைமாட்டில். கொஞ்ச தூரம் வந்ததும் பேச்சுக்குழலில் மாரிமுத்துவின் குரல் வந்தது.

"ஐயா, எங்க வந்துட்டோம்?"

"அப்புத்தளை ஏத்தம். இந்தா வந்துருச்சு."

"கத்துறது நீங்களா?"

"ஆமா."

"நல்லாத்தான் கத்துறீங்க. எங்க கங்காணி தோத்தாரு."

அப்புத்தளையில் பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. காசிம் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். மறுபடி குழலில் குரல் வராதா என்று காதை அதன் பக்கமே வைத்திருந்தேன். பண்டாரவளை தாண்டியபின் நானே குழலில் கூப்பிட்டேன். "தூங்குறாருங்க" என்றாள் பேச்சி. பதுளைக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரி ஆட்களிடம் பேச எனக்குக் குரலே வரவில்லை, கையைக் காட்டித்தான் சொன்னேன்.

மறுநாள் பட்டறையில் பாஸ் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து வெறும் தாங்கியைப் பார்த்தார். யார் கழற்றச் சொன்னது என்று கேட்பார் என்று நின்றேன். நடந்ததைக் கம்மிய தொண்டையில் சொன்னேன். பாஸ் அந்தத் தாங்கியை விரலால் தட்டிப் பார்த்தார். "எனக்கு அது மணி மட்டும் தானே" என்றார் பிறகு. சிங்களவரான அவருக்கும் மலாய்க்காரரான காசிமுக்கும் அது மணி மட்டும்தான், அதில் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். பித்தளையில் சின்னக் கிண்ண மணி ஒன்றை எடுத்து, ஒரு தடவை கயிற்றை இழுத்தால் சுத்தியல் நாலைந்து முறை துடித்து அடிக்கிற மாதிரி சுருள்வில் வைத்தார். கயிறு கைக்கு வந்தது, காலுக்கு வேலையில்லை. ஹாரன் குழாயைப் பாதியாக அறுத்தார், குரல் வாத்துக் குரலானது. மாட்டியதும் நான் வழக்கம்போல் எஞ்சினை ஓடவிட்டுத் தேநீருக்குக் காத்திருந்தேன். பாஸ் தேநீரைத் தொடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். பண்டாரவளைக்கு மேலே ஒரு தோட்டத்து ஏற்றத்தில் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, அவரே மேலே நடந்துபோய், கொழுந்து எடுக்கும் பெண்களின் நடுவில் நின்றுகொண்டார். காசிம் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இது என்ன சத்தம்?" என்று பாஸ் ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"பள்ளிக்கூட மணியாட்டம் இருக்குங்க. கூடவே யாரோ வாத்து மேய்க்கிறாங்க" என்றாள் அவள். மலையே சிரித்தது.

பாஸ் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடம் என்றால் யாரும் அழ மாட்டார்கள் தானே. சரி" என்றார். அவர் வாயிலிருந்து 'சரி' என்ற சொல்லை நான் அன்றுதான் கேட்டேன்.

இதற்கிடையில் மாரிமுத்துவின் காலை எடுத்துவிட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் கண் திறந்து, "கத்துற ஐயா" என்று என்னை அடையாளம் கண்டுகொண்டார். இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அடுத்த தடவை நான் போனபோது படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார். விஷம் முன்னமே மேலே ஏறிவிட்டது என்றார் டாக்டர். அரை நாள் முன்னால் வந்திருந்தால் என்று இழுத்தேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருப்பார் என்றோ, பிழைத்திருக்க மாட்டார் என்றோ அவர் ஒன்றைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பேச்சியம்மாள் வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் கையை நனைத்து, அந்த இரண்டு வளையல்களையும் உடையாமல் மெல்ல மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாரியாயி வளையலுங்க. பத்திரமாத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள். "ஒடைக்கிறதுக்கு எங்கிட்ட ஏது வளையல்? அன்னைக்கே ஒடைச்சுட்டேனே. உசுரோட இருந்த மனுசனுக்கு நான் ஒடைச்சுட்டேனே."

எனக்குத் தாங்கவில்லை. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "அப்படிச் சொல்லாதம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மணிதாம்மா உன்னைய ஏமாத்திருச்சு" என்றேன்.

அவள் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணிக்கு என்னங்க தெரியும்? பொண்டாட்டிக்குத் தெரிய வேணாமா?"